வயர் தளரும் இடம்

மாசிலாமணி மடத்துக்கு வந்து மூன்று மழைக்காலம் போயிருந்தது. இன்னும் வெள்ளை வேட்டிதான்.

அந்த மடத்தில் காவி கொடுப்பது மாசி மகத்தன்று. முதல் வருஷம் கேட்டார். பார்க்கலாம் என்றார் அம்மை. அடுத்த வருஷமும் கேட்டார். அதே பதில். அதற்கடுத்த வருஷம் கேட்க வாய் எழவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு தபால்காரரும் காவி வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள்.

அம்மை அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கழிமுகத்தை ஒட்டிய அந்த ஓட்டுக் கட்டடத்தைத் தன் குருவுக்குப் பிறகு ஒற்றை ஆளாக நடத்தி வந்தார். பேச்சு குறைவு. அம்மை கேட்ட அன்றே பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு மழை வரும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

மாசிலாமணி முன்பு விசைப்படகு ஓட்டியவர். வாலிபத்திலிருந்து இழுவலைத் தொழில். கடலின் அடியில் வலையைப் போட்டுப் படகால் இழுத்துக்கொண்டே போகிற தொழில் அது. மடத்துக்கு வந்த பிறகு மீனை விட்டார். உப்பை விட்டார். இராச்சோற்றை விட்டார். கடைசியில் தலையணையையும் விட்டார். ஆனாலும் கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் நகர மறுத்தது. எதுவோ பின்னாலிருந்து பிடித்து வைத்தது.

இந்த வருஷம் மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் அம்மை. இருந்தும் ஓட்டம் இல்லை. இன்னும் என்னத்தைக் குறைச்சா ஓடும்?"

"படகு ஓடலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அம்மை.

அது அவருக்குத் தெரிந்த விஷயம். முகம் தெளிந்து சொல்ல ஆரம்பித்தார். படகைக் கரையேற்ற வேண்டும். அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். பலகை இடுக்கை அடைத்து, தேய்த்து, வழவழவென்று பெயின்ட் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும்.

"அப்பவும் ஓடலைன்னா?"

"மறுபடி சுரண்டுவோம்."

அம்மை ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தார்.

"வெறும் படகைச் சொல்றீங்களா, வலை விட்ட படகையா?"

மாசிலாமணி சிரித்தார். வலை விட்டால் எந்தப் படகும் ஓடாது, அது இழுவை, அதன் சங்கதியே வேறு என்றார்.

"எனக்கு அது தெரியாது. பார்க்கணும்."

அவ்வளவுதான். கீரையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மடத்து வாசல் கூட்டுகிற கனகுவின் புருஷன் குப்புராசு ஒரு படகில் வேலை பார்த்தான். அம்மை கனகுவிடம் சொல்லியனுப்பினார். பொம்பளை ஏறினால் வலை மடியில் மீன் விழாது என்று அந்தக் கரையில் ஒரு எண்ணம் உண்டு. படகுக்காரன் யோசித்தானாம். சாமிகளில் ஆண் பெண் பார்க்கக் கூடாது, கருவாட்டிலும் பார்க்கக் கூடாது என்று குப்புராசு எடுத்துச் சொன்னானாம். படகுக்காரன் சரி என்றுவிட்டானாம்.

விடிகிற நேரத்தில் துறையில் போய் நின்றபோதுதான் அது எந்தப் படகு என்று மாசிலாமணி பார்த்தார். அவர் ஓட்டிய படகேதான். சுக்கான் பிடித்து நின்றவன் சித்திரவேல், அவர் தம்பி.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர்கள் தாய் இறந்த அன்று சித்திரவேல் கடலில் இருந்தான். மாசிலாமணி நோயாளியோடு வீட்டில் தங்கியிருந்தார். வயர்லெஸில் சேதி சொன்னார்கள். வலை கடலடிப் பாரில் மாட்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது. மதியம் திரும்பியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் விறகு எரியாது என்று ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன், அதுதான் அவர்கள் வழக்கம். தாயின் கொள்ளி சித்திரவேலுடையது. மாசிலாமணி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு தானே வைத்துவிட்டார்.

சித்திரவேல் ஈர உடம்போடு ஓடி வந்தபோது நெருப்பு அமர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து, கால் கழுவி, ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "என் கொள்ளியை நீ வச்சுட்டே."

பெற்றவளைவிட இவனுக்கு வலை பெரிதாகப் போயிற்று என்று மாசிலாமணி நினைத்தார். அதைச் சொல்லவில்லை. அவர் மனைவி முன்பே இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அடுத்த தை மாதம் படகைத் தம்பி பேருக்கே விட்டுவிட்டு மடத்துக்கு நடந்தார். படகே போன பிறகு தனக்கும் அவனுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். தெரிந்திருந்தால் துறைக்கே வந்திருக்க மாட்டார். அம்மை ஏற்கெனவே ஏறி, குவித்துக் கிடந்த வலைமேல் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

கரையை விட்டதும் படகு நன்றாக ஓடியது. காற்று வாடைப் பக்கமிருந்து அளவாக வந்தது.

அண்ணன் பின்பக்கம் போய் நின்றார். சுக்கான் கூண்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "குப்பு, சாமியாரை இழுவை வயருக்கு அந்தாண்ட நிக்கச் சொல்லு. அறுந்தா அது காவி வெள்ளைன்னு பாக்காது."

குப்புராசு மாசிலாமணியைப் பார்த்தான். "காதுல விழுந்துச்சா, இல்ல நான் ஒருக்கா சொல்லணுமா?"

"விழுந்துச்சுன்னு சொல்லு."

"விழுந்துச்சாம்" என்று குப்புராசு கூண்டைப் பார்த்துக் கத்தினான். பிறகு அம்மையிடம், "நடுவுல நான் டெலிபோன் கம்பி. சம்பளத்துல இது சேத்தி இல்லை" என்றான்.

அம்மை சிரித்தாரா என்று தெரியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழம் வந்ததும் வலையை இறக்கினார்கள். முதலில் பை மாதிரி நீண்ட மடி போனது. பிறகு வலையின் வாய். பிறகு, வாயை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கிற இரும்புப் பூண் போட்ட கனத்த பலகைகள். கடைசியில் அவற்றை இழுக்கிற இரண்டு வயர்கள், படகின் பின்னாலிருந்து நீரில் சாய்ந்து இறங்கிக்கொண்டே இருந்தன. போதும் என்று, வயரைச் சுருட்டுகிற வின்ச்சைப் பூட்டினான் குப்புராசு.

படகு திடீரென்று கிழடாகிவிட்டது. எஞ்சின் உறுமியது. புகை கறுத்தது. ஓட்டம் மட்டும் இல்லை.

"எஞ்சினைக் குறைச்சுட்டாரா?" என்று அம்மை கேட்டார்.

"கூட்டியிருக்கான்" என்றார் மாசிலாமணி.

"தண்ணி மாறிடுச்சா?"

"அதே தண்ணிதான்."

"படகு?"

"அதே படகுதான் அம்மை."

அவர் விளக்கினார். அந்த எஞ்சினின் பலத்தில் படகின் உடம்புக்கு ஆகிற செலவு ஒரு கைப்பிடி. மிச்சம் எல்லாவற்றையும் பின்னால் இருப்பது தின்னுகிறது. வயர் தண்ணீரை அறுத்துக்கொண்டு வர வேண்டும். பலகைகள் சேற்றில் உழுதுகொண்டு வர வேண்டும். வலையின் கண் ஒவ்வொன்றும் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து விடும். மடி நிறைய நிறைய இன்னும் கனக்கும்.

"மடின்னு ஏன் பேரு?"

"பிடிபட்டதெல்லாம் வந்து படுக்கிற இடம் அம்மை. தாய்..." என்று ஆரம்பித்தவர் வேறு பக்கம் திரும்பினார்.

அம்மை படகின் முன்பக்கத்தைக் காட்டினார். "அது ஏன் வானத்தைப் பார்க்குது?"

"பின்னால இழுக்கிற இழுப்புல பின்பக்கம் அமுங்கும். மூக்கு தூக்கிக்கும். இது நிக்கிற நிலையே கெட்டுப்போயிரும். அப்படி நின்னா, வழவழன்னு தேச்சு வச்ச உடம்புகூடத் தண்ணியோட மல்லுக்கட்டும்."

"அப்ப சுரண்டி என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார் மாசிலாமணி. சிரிப்பு பாதியில் நின்றது. அம்மையின் முகத்தைப் பார்த்தார். அவர் கடற்காகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. காற்றும் ஏறியது. அலைகள் பின்னாலிருந்து வரத் தொடங்கின. வலையை எடுக்கலாமா என்று குப்புராசு கேட்டான். இன்னும் கொஞ்ச தூரம் என்றான் சித்திரவேல்.

அந்தக் கொஞ்ச தூரத்தில் வயர் பாடியது. கம்பியை மீட்டினாற்போல் ஒரு சத்தம். யாரோ இடுப்பைக் கட்டிப் பிடித்தது மாதிரி படகு நின்றது. அம்மை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சரிந்து, பக்கத்தில் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு" என்றான் குப்புராசு. கடலடிப் பாறை.

சித்திரவேல் எஞ்சினைக் கூட்டினான். வயர்கள் இரும்புக் கம்பியாய் விறைத்தன. படகின் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. ஒரு அலை வந்து, பிடித்து வைத்த ஆட்டைத் தாண்டுவது மாதிரி சாவகாசமாக ஏறி உள்ளே விழுந்தது. கணுக்கால் வரை தண்ணீர். ஐஸ் வைத்திருந்த குழியின் மூடி நகர்ந்தது.

வெட்டிவிடலாமா என்று குப்புராசு கேட்டான். வெட்டினால் வலையும் பலகையும் போய்விடும், அது இல்லாமல் கரைக்குப் போய் என்ன செய்வது என்றான் சித்திரவேல். இழுத்தால் வரும் என்றான். இன்னும் கூட்டினான்.

இரண்டாவது அலை முழங்காலுக்கு வந்தது. எஞ்சின் குழிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால், பின்னால் கட்டுண்ட படகை அடுத்த நாலைந்து அலைகள் பார்த்துக்கொள்ளும். மூன்று பேருக்கும் அது தெரியும். அம்மைக்குத் தெரியுமோ என்னவோ. நனைந்த புடவையோடு யாருடைய படகையோ பார்ப்பதுபோல் இருந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது.

"குப்பு, அவன்கிட்டே சொல்லு..."

குப்புராசு வின்ச்சின் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "இப்பக் கம்பி வேலை செய்யாது. நீங்களே சொல்லிக்குங்க."

மாசிலாமணி கூண்டைப் பார்த்தார். தம்பியின் முதுகு தெரிந்தது. பிடரியில் நரை வந்திருந்தது. அவர் இல்லாதபோது வந்த நரை.

"தம்பி."

எஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

"வேலு!"

முதுகு அசையவில்லை. ஆனால் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

"இழுக்காதே. எஞ்சினை அமத்து. தலையை அலைக்குத் திருப்பி, மாட்டின இடத்துக்கே வா."

திரும்பாமலே சொன்னான். "திரும்பினா வயர் தொய்ஞ்சு புரொப்பல்லர்ல சுத்தும். இங்கேருந்து எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாக்குறேன்."

இன்னொரு அலை ஏறியது. அது வடிகிற வரை சித்திரவேல் அப்படியே நின்றான். பிறகு அவன் கை இறங்கியது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது.

மாசிலாமணி படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். சுக்கான் பிடிப்பவனுக்கு வயர் தெரியாது. வயரைப் பார்ப்பவனிடம் சுக்கான் இல்லை. குப்புராசு தளர்ச்சியைச் சுருட்ட வேண்டும். யாரும் யார் வேலையையும் செய்ய முடியாது.

"சுக்கானை வடக்கே ஒடி. இன்னும். இன்னும் ஒடி. போதும், நிமித்து."

"நிமித்திட்டேன்."

"வா. மெல்ல. வயர் உள்ளாக்க வருது, நில்லு. நில்லுடா!"

"நின்னுட்டேன்."

"குப்பு, சுருட்டு. ம். இப்ப வா."

படகு தான் போன வழியிலேயே அங்குலம் அங்குலமாகத் திரும்பி வந்தது. விறைத்து நின்ற வயர்கள் கொடியைப் போலத் தொங்கின. சாய்ந்திருந்தவை மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

"வா. வா தம்பி. இன்னும் ஒரு கை. ஆங், நிறுத்து."

வயர்கள் நேர் கீழே இறங்கியிருந்தன. படகு பாருக்கு மேலேயே நின்றது. மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, பழைய படகாக இருந்தது. இழுப்பு என்று ஒன்று அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லை.

அலை தாழ்ந்த நேரம் பார்த்துக் குப்புராசு வயரை இறுக்கிப் பூட்டினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். படகு எழுந்தது, தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. கொஞ்சம் பெரிய அலை ஒன்று வந்து படகை முழுசாக ஏந்தியபோது கீழே எதுவோ கழன்றது. அது காதில் விழவில்லை. உள்ளங்காலில் தெரிந்தது.

வலை வந்தது. வயிறு நெடுகக் கிழிந்திருந்தது. மடியில் சேறும் நாலு நண்டும்தான்.

சித்திரவேல் கூண்டை விட்டு வெளியே வந்தான். கிழிசலைக் காலால் விரித்துப் பார்த்தான். அண்ணனைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கும் இதே பாருதான்" என்றான்.

குப்புராசு நண்டைப் பொறுக்குவதை நிறுத்தினான்.

"வயரைப் பாக்க ஆள் இல்லை. புதுசா ஏறுன ரெண்டு பேரை வச்சுக்கிட்டுத் திரும்ப முடியலை. வெட்டலாம்னு பாத்தேன். அப்பத்தான் வாங்கின வலை, நீ திட்டுவேன்னு இருந்துச்சு. இழுத்துக்கிட்டே கெடந்தேன்."

வயரைப் பார்ப்பது அன்றெல்லாம் மாசிலாமணியின் வேலை. அவர் அன்று தாயின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தம்பி வலையைக் கட்டிக்கொண்டு கிடந்தான் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தோடுதான் உப்பை விட்டார், தலையணையை விட்டார்.

விளிம்பில் படுத்ததில் நெஞ்சு நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு மழையே பெய்யலை வேலு" என்றார்.

சித்திரவேல் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிக் கூண்டுக்குள் போய் எஞ்சினைக் கூட்டினான். குப்புராசு மறுபடி நண்டைப் பொறுக்கினான்.

கரை சேர்ந்தார்கள். சித்திரவேல் துறையில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மாசிலாமணி பக்கத்தில் போய் நின்று, தாயின் திதிக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். அவன் முடிச்சைப் போட்டான். பிரித்தான். மறுபடி போட்டான். கிழிந்த வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

அம்மை மடத்தைப் பார்த்து நடந்தார். ஈரப் புடவை மணலில் இழுபட்டது. மாசிலாமணி பின்னால் வந்தார். உப்பளத்தைத் தாண்டினார்கள்.

"அம்மை."

அவர் நின்றார்.

"அவன் பதில் சொல்லலை. மறுபடி போய்க் கேக்கவா, இல்லை இத்தோட விட்டுட்டு வந்து உக்காரவா?"

அம்மை முந்தானையைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டி முடியும்வரை பிழிந்தார்.

"மாட்டின இடத்துக்கு மேலேயே நில்லுங்க" என்றார். "தூக்குறது அலையோட வேலை."